தண்ணி எந்தப் பக்கம் உள்ளே போகணும்?

"தம்பி, நீங்க இன்ஜினியரிங் படிக்கிறவங்க. சொல்லுங்க, தண்ணி எந்தப் பக்கம் உள்ளே போகணும்?"

போன வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தப்போ ஒரு பைப் ஃபிட்டர் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. இடம், ஒரு மருத்துவமனையின் புதுக் கட்டடம். இரண்டாவது மாடி ஏ.ஹெச்.யு. அறை. ஏ.ஹெச்.யு. என்றால் ஏர் ஹேண்ட்லிங் யூனிட். சில்லரில் இருந்து வரும் குளிர்ந்த தண்ணீரைக் காயிலில் ஓட விட்டு, அதன் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர வைத்து வார்டுக்கு அனுப்பும் பெரிய தகரப் பெட்டி. அண்ணன் கையில் ரென்ச். என் கையில் டிராயிங். காயிலில் இருந்து இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கீழே, ஒன்று மேலே.

நான் யார் தெரியுமா? ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் ஓ கிரேடு வாங்கினவன். டிராயிங்கைப் பார்த்தேன். "கீழே சப்ளை, மேலே ரிட்டர்ன்ணே" என்றேன். பக்கத்தில் ஃபோன் பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசரும் திரும்பிப் பார்க்காமலே, "டீட்டெயில்ல இருக்கிற மாதிரியே போடுங்க" என்றார். அண்ணன் ஒரு நிமிஷம் காயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம் குழாயைத் தூக்கிட்டார்.

நான் சொன்னது தப்பு. டிராயிங்கில் தப்பில்லை, பாடப்புத்தகத்தில் தப்பில்லை, ஆனாலும் பதில் தப்பு. அது எப்படி என்று புரிய எனக்கு நாலு மாசம் ஆச்சு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன். கூடவே ஒரு கருத்தும் உண்டு: நம்ம கல்லூரிகளில் குழாயை வெறும் கோடாகத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். எந்தக் கோடு எந்தப் பக்கம் என்பதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

காயிலுக்குள்ளே என்ன நடக்குது?

முதலில் ஒரு சின்ன வரலாறு. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகம். கோடை வந்தால் காற்றில் ஈரம் ஏறும், காகிதம் உப்பும், ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தாமல் விலகிப் போகும். அந்தப் பிரச்சினையைத் தீர்க்க உட்கார்ந்தவர் வில்லிஸ் கேரியர். கல்லூரி முடித்து ஓராண்டு ஆன 25 வயசுப் பையன். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஓட விட்டால், காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் பழைய அளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மிச்ச ஈரம் குழாய் மேலேயே தண்ணீராக வடிந்துவிடும். நவீன ஏசியின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். ஆக, ஏசி பிறந்ததே ஈரத்தை எடுக்கத்தான். மனுஷனுக்குக் குளிர்ச்சி கிடைச்சது கூடவே வந்த லாபம்.

இதை ஏன் சொல்றேன்னா, ஏ.ஹெச்.யு. காயிலுக்கு இன்றைக்கும் அதே இரண்டு வேலைதான். காற்றின் சூட்டைக் குறைக்கணும், ஈரத்தை வடிக்கணும். இரண்டாவது வேலைக்கு, காற்று காயிலை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் நல்ல குளிர்ச்சியான உலோகத்தைத் தொட்டாகணும்.

இப்போ காயிலைக் கண் முன்னால் கொண்டு வாங்க. செப்புக் குழாய்கள், அவற்றின் மேல் நெருக்கமாக அலுமினிய ஃபின்கள். காற்று போகும் திசையில் குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கும். 4 வரிசை, 6 வரிசை, 8 வரிசை என்று தேவைக்கேற்ப. ஒரு பக்கம் இரண்டு தடித்த செங்குத்துக் குழாய்கள்; அவைதான் ஹெடர்கள். ஒரு ஹெடர், காற்று நுழையும் பக்கத்து முதல் வரிசையோடு சேர்ந்திருக்கும். இன்னொன்று, காற்று வெளியேறும் பக்கத்துக் கடைசி வரிசையோடு. ஒன்றில் நுழையும் தண்ணீர் எல்லா வரிசையையும் சுற்றிவிட்டு மற்றொன்றில் வெளியேறும்.

கேள்வி இதுதான்: எதில் நுழைக்கணும்?

பதில்: காற்று வெளியேறும் பக்கத்து ஹெடரில். காற்று ஒரு திசையில் வர, தண்ணீர் அதற்கு எதிராக நகரணும். எதிரோட்டம். நாம் எல்லாரும் படிச்சதுதான். எல்.எம்.டி.டி. கணக்கு போட்டு 16 மார்க் வாங்கினதுதான். சரி, அதே கணக்கை ஒரு காயிலுக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்று 27 டிகிரியில் வருது, 13 டிகிரியில் போகணும். தண்ணீர் 7 டிகிரியில் நுழைஞ்சு 12 டிகிரியில் வெளியேறுது. எதிரோட்டத்தில், ஒரு முனையில் 27 டிகிரிக் காற்றும் 12 டிகிரித் தண்ணீரும் சந்திக்கும்; வித்தியாசம் 15. மறுமுனையில் 13-ம் 7-ம், வித்தியாசம் 6. மடக்கைச் சராசரி சுமார் 9.8 டிகிரி. இப்போ குழாயை மாற்றிப் போடுங்க. இணையோட்டம். ஒரு முனையில் 27-ம் 7-ம், வித்தியாசம் 20. மறுமுனையில் 13-ம் 12-ம், வித்தியாசம் வெறும் 1. சராசரி சுமார் 6.3 டிகிரி.

அதாவது அதே வெப்பத்தை எடுக்க ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே பரப்பளவு வேணும். 6 வரிசைக் காயில் செய்ய வேண்டிய வேலைக்கு 9 வரிசைக்கும் மேலே தேவைப்படும். நிஜக் காயிலில் காற்று குழாய்களுக்குக் குறுக்காகப் போகுது, மேற்பரப்பு வேறு நனைஞ்சிருக்கு. அதனால் இந்த எண் அப்படியே வராது. ஒன்றிரண்டு வரிசைக் காயிலில் வித்தியாசம் சின்னதாகவே இருக்கும். ஆனால் வரிசை கூடக் கூட, கணக்கு காட்டும் திசை மாறாது: எதிரோட்டம் ஜெயிக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இணையோட்டத்தில் வெளியேறும் காற்றின் வெப்பநிலை, வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்குக் கீழே இறங்கவே இறங்காது. காற்று கடைசியாகத் தொடுவது, ஏற்கெனவே சூட்டை வாங்கிக்கொண்டு வந்த தண்ணீரைத்தான். அதனால் 13-ல் வர வேண்டிய காற்று 16-ல் வருதுன்னு வெச்சுக்கங்க. "மூணு டிகிரிதானே?" என்று தோணும். 13 டிகிரியில் நிறைவுற்ற ஒரு கிலோ காற்று சுமார் 9.3 கிராம் நீராவி தாங்கும். 16 டிகிரியில் சுமார் 11.4 கிராம். கிலோவுக்கு 2 கிராம் வித்தியாசம். 5,000 சி.எஃப்.எம். காற்றோட்டம் உள்ள ஒரு ஏ.ஹெச்.யு.வுக்கு இதைப் பெருக்கிப் பாருங்க: மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர். நம்ம ஹாஸ்டல் வாசலில் இறக்கி வைக்கிறானே வாட்டர் கேன், அது ஒண்ணு. ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கேன் தண்ணீர், வடிகாலில் போகாமல் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுக்குள் போகுது.

செருப்பு விஷயம்

இவ்வளவு தெரிஞ்சும் நான் ஏன் தப்பாச் சொன்னேன்?

டிராயிங்கில் இருந்தது ஒரு பொதுவான டீட்டெயில். பெரும்பாலான ஆபீஸ்களில் ஒரே டீட்டெயிலைத்தான் எல்லா ஏ.ஹெச்.யு.வுக்கும் ஒட்டுவார்கள். ஒரு செவ்வகம், கீழே ஒரு கோடு, சப்ளை, மேலே ஒரு கோடு, ரிட்டர்ன். காற்று எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு ஒரு அம்புக்குறி கூட இல்லை.

கீழே சப்ளை என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. தண்ணீர் கீழிருந்து நிரம்பி ஏறினால், உள்ளே இருக்கும் காற்று தானாக மேலே தள்ளப்பட்டு, உச்சியில் உள்ள ஏர் வென்ட் வழியாக வெளியே போயிடும். ஒரு மேல் குழாயில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் அந்தச் சுற்றில் தண்ணீர் ஓடாது. அந்த அளவுக்குக் காயில் செத்த மாதிரி. அதனால் தொழிற்சாலையில் காயில் செய்யும்போதே இரண்டு விதியையும் சேர்த்தே செய்கிறார்கள்: காற்று வெளியேறும் பக்கத்து ஹெடருக்குக் கீழே வாய், காற்று நுழையும் பக்கத்து ஹெடருக்கு மேலே வாய். கீழே கொடுத்தால் எதிரோட்டமும் கிடைக்கும், காற்றும் வெளியேறும். இரண்டு விதியும் ஒத்துப் போகும்.

எதுவரைக்கும்? காயில் அதற்குரிய பக்கத்தில் இருக்கிறவரைக்கும்.

காயிலுக்கு இடக்கை, வலக்கை என்று உண்டு. காற்றோட்டத்தோடு சேர்ந்து நடக்கிறவர் பார்வையில் குழாய் வாய்கள் இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதுதான் அது. சில கம்பெனிகள் காற்றுக்கு எதிரே நின்று பார்த்துச் சொல்வார்கள். அதனால் ஆர்டர் போடும்போது எதைப் பார்த்து இடது, வலது என்பதைக் கேட்டுக்கணும். நான் போன இடத்தில் நடந்தது இதுதான்: அறையின் இடப்பக்கம் ஷாஃப்ட், அங்கேதான் மெயின் குழாய்கள். வந்து இறங்கின காயிலோ வலக்கை. வலப்பக்கம் சுவர். மாற்றுக் காயில் வர ஆறேழு வாரம் ஆகும். என்ன செய்தார்கள்? காயிலை வெளியே இழுத்து, அரை வட்டம் திருப்பி, மறுபக்கம் வழியாக உள்ளே தள்ளிவிட்டார்கள். வாய்கள் இடப்பக்கம் வந்தாச்சு. எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் ஒரு விஷயம் யோசிங்க. வலது கால் செருப்பை எப்படிச் சுத்தினாலும் அது இடது கால் செருப்பாகுமா? முன்பின்னாகத் திருப்பினால் குதிகால் முன்னாடி வரும். கவிழ்த்தால் வார் கீழே போகும். காயிலும் அப்படித்தான். செங்குத்து அச்சில் திருப்பினால், காற்று வெளியேறும் பக்கம் இருந்த ஹெடர் காற்று நுழையும் பக்கத்துக்கு வந்துடும். தலைகீழாக உருட்டினால், கீழே இருந்த வாய் மேலே போயிடும். இரண்டில் ஒரு விதியை இழந்தே ஆகணும்.

இங்கே திருப்பினது செங்குத்து அச்சில். ஆக, கீழ் வாய் இப்போ காற்று நுழையும் பக்கம். "கீழே சப்ளைண்ணே" என்று நான் சொன்னதும், ஆறு வரிசைக் காயில் இணையோட்டத்துக்குப் போயிடுச்சு. காயிலின் மேல் கம்பெனி ஒட்டியிருந்த "தண்ணீர் உள்ளே" ஸ்டிக்கரும் அதையேதான் சொன்னது. ஸ்டிக்கருக்குத் தெரியுமா, தன்னைத் திருப்பி வெச்சிருக்காங்கன்னு?

அண்ணன் ஏன் அந்த ஒரு நிமிஷம் நின்றார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

கண்டுபிடிக்க முடியாத தப்பு

லீக் இருந்தால் தரை நனையும். மோட்டார் எரிந்தால் நாற்றம் வரும். குழாய் மாறினால் எதுவும் ஆகாது. காயில் குளிரும், காற்று வரும், பிரஷர் டெஸ்ட் பாஸ் ஆகும், பில் பாஸ் ஆகும்.

ஆனால் கண்ட்ரோல் வால்வு மட்டும் தவிக்கும். காற்று போதுமான அளவு குளிரலையே என்று வால்வு நூறு சதவீதம் திறந்தே கிடக்கும். தண்ணீர் அதிகம் ஓடும், ஆனால் சூட்டை முழுசா வாங்காமலே திரும்பிப் போகும். 100 கிலோவாட் வெப்பத்தை எடுக்க, தண்ணீர் 5 டிகிரி சூடேறினால் நொடிக்கு 4.8 லிட்டர் போதும். 3 டிகிரிதான் ஏறுதுன்னா 8 லிட்டர் வேணும். அதே குழாயில் இந்த ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு, பம்பு இழுக்கும் சக்தி 4.6 மடங்கு வரை. ஒரே ஒரு ஏ.ஹெச்.யு. என்றால் தெரியாது. பத்து இருந்தால், பில்டிங் பாதி லோடில் ஓடும்போதே இரண்டாவது சில்லரையும் போட வேண்டி வரும். கரண்ட் பில் மாசா மாசம் வரும். யாரும் குழாயைச் சந்தேகப்பட மாட்டார்கள். "சில்லர் கெப்பாசிட்டி பத்தலை" என்பார்கள்.

அந்த வார்டிலும் அதேதான் நடந்தது. வார்டு திறந்த பிறகு நர்ஸ்கள் சொன்ன புகார், "ஏசி ஓடுது, ஆனா பிசுபிசுன்னு இருக்கு. பெட்ஷீட்டே ஈரமா இருக்கிற மாதிரி." ஃபில்டரைக் கழுவினார்கள். ஃபேன் வேகத்தைக் கூட்டினார்கள். சில்லர் கம்பெனியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு வயதான கமிஷனிங் இன்ஜினியர் வந்து, இரண்டு ஹெடரையும் பார்த்து, காற்றோட்டத்தின் திசையைப் பார்த்து, ஐந்தே நிமிஷத்தில் சொல்லிட்டாராம்.

இதையெல்லாம் எனக்கு ஃபோனில் சொன்னது அந்த ஃபிட்டர் அண்ணன்தான். ராத்திரி எட்டு மணிக்கு வார்டு ஏசியை நிறுத்தி, விடியறதுக்குள்ளே குழாயை வெட்டி மாற்றிப் போட்டிருக்கார். இப்போ மேல் வாயில் சப்ளை, கீழ் வாயில் ரிட்டர்ன்; எதிரோட்டம் திரும்பி வந்தாச்சு. காற்றை வெளியேற்ற இரண்டு ஹெடர் உச்சியிலும் ஏர் வென்ட் போட்டு, தண்ணீர் மட்டும் வர்றவரை பொறுமையாகத் திறந்து விட்டிருக்கார். இரண்டு விதியில் எதை விடணும், எதைப் பிடிக்கணும் என்றால் இப்படித்தான்: எதிரோட்டத்தை விடக் கூடாது; காற்றை வெளியேற்ற வேறு வழி செஞ்சுக்கலாம்.

"ராத்திரி வேலைக்குக் கூலி கிடைக்கலை தம்பி. தப்பாப் போட்டது நீதானே, நீயே சரி பண்ணுன்னுட்டாங்க" என்றார். கோபமே இல்லை குரலில். கொஞ்சம் இடைவெளி விட்டு, "நான் கேட்டேன்ல?" என்றார்.

ஆமாண்ணே. கேட்டீங்க.

"அது ஃபிட்டர் வேலை" என்பவர்களுக்கு

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது வந்த பதில்கள் மூன்று. மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிடறேன்.

ஒன்று, "டிசைன்தான் நம்ம வேலை, மாட்டுறது ஃபிட்டர் வேலை." சரி. ஆனால் எதிரோட்டம் என்ற வார்த்தையைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது நமக்குத்தானே? அண்ணனுக்கு அனுபவத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. அதை உறுதி செய்யும் அறிவியல் என் மண்டையில் இருந்தது. இரண்டும் சேர வேண்டிய நிமிஷத்தில் நான் டிராயிங்கைப் பார்த்தேன், காயிலைப் பார்க்கலை. அதுக்குத் தண்டம் கட்டினது அவர்.

இரண்டு, "இப்போ எல்லாம் பி.எம்.எஸ். பார்த்துக்கும்." பி.எம்.எஸ். இந்தத் தப்பைக் காட்டாது, மறைக்கும். வால்வை முழுசாத் திறந்து சமாளிக்கப் பார்க்கும். அது முழுசாத் திறந்தே கிடக்கிறதுதான் நோயின் அறிகுறி என்று படிக்கத் தெரிந்த ஆள் வேணும்.

மூன்று, "இதெல்லாம் வேலைக்குப் போய்க் கத்துக்கலாம்." கத்துக்கலாம்தான். ஆனால் அந்தப் பயிற்சிக் கட்டணத்தை ஒரு வார்டு நோயாளிகளும் ஒரு ஃபிட்டரும் ஏன் கட்டணும்?

குழாய் வழியே ஒரு நடை

சரி, எதிரோட்டத்தோடு முடிஞ்சுதா? இல்லை. காயிலைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் உண்டு, ஒரு காரணம் உண்டு. தண்ணீரோடு சேர்ந்து நடந்து பார்ப்போம்.

மெயினில் இருந்து சப்ளை வருது. முதலில் ஐசொலேஷன் வால்வு. காயிலைக் கழற்றணும்னா மூடிக்க. அடுத்து ஒய்-ஸ்ட்ரெய்னர், வெல்டிங் கசடு, துரு, மண் எதுவும் காயிலின் மெல்லிய குழாய்க்குள் போகாமல் இருக்க. அதன் கால் கீழ்நோக்கி இருக்கணும், வலையை வெளியே இழுக்க இடமும் இருக்கணும். பிறகு தெர்மாமீட்டர், பிரஷர் கேஜ். அப்புறம் காயில். வெளியே வந்ததும் மறுபடி கேஜ், தெர்மாமீட்டர். பிறகு கண்ட்ரோல் வால்வு, பேலன்சிங் வால்வு, ஐசொலேஷன் வால்வு.

கண்ட்ரோல் வால்வு ஏன் பெரும்பாலும் ரிட்டர்னில்? வால்வு மூடும்போது ஏற்படும் அழுத்த வீழ்ச்சி காயிலைத் தாண்டி நடக்கும். காயில் எப்போதும் சப்ளை பக்க அழுத்தத்தில் நிரம்பியே இருக்கும், கரைந்த காற்று உள்ளே குமிழாகப் பிரிவது குறையும். வால்வு உடலும் கொஞ்சம் சூடான தண்ணீரில் இருப்பதால் வியர்ப்பதும் குறைவு.

சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே, காயிலுக்கு முன்னால் ஒரு பைபாஸ் இருக்கணும். புதுக் குழாயை முதல்முறை கழுவும்போது அழுக்குத் தண்ணீர் அதன் வழியாகவே சுற்றிப் போகணும், காயிலுக்குள் நுழையவே கூடாது. நிறைய இடத்தில் மிச்சம் பிடிக்கிறேன்னு முதலில் வெட்டுவது இந்த ஒரு துண்டுக் குழாயைத்தான்.

ஹெடர் செம்பு, பிரேஸிங் செய்தது. குழாயின் எடையை அதன் மேல் தொங்க விடக் கூடாது. குழாய்க்குத் தனித் தாங்கல் வேணும். யூனியனை முறுக்கும்போது ஒரு ரென்ச்சால் காயில் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ரென்ச்சால்தான் முறுக்கணும். இல்லாவிட்டால் ஹெடரே முறுகி ஒட்டு விட்டுப்போகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, அதே அண்ணன்தான். யூனியன் அல்லது ஃபிளேஞ்ச் இல்லாமல் நேராக வெல்டு பண்ணிட்டா, நாளைக்குக் காயிலை வெளியே இழுக்கவே முடியாது. ஃபில்டர் கதவின் குறுக்கே குழாயைக் கொண்டு போனால், ஃபில்டரை யாரும் மாற்றவே மாட்டார்கள்.

கடைசியாக வடிகால். ஃபேன் காயிலுக்குப் பின்னால் இருந்து இழுக்கும் வகையில், டிரெயின் பேன் இருக்கும் இடத்தில் எதிர் அழுத்தம். 500 பாஸ்கல் என்றால் 51 மில்லிமீட்டர் நீர்மட்டம். அதைத் தாங்கும் ஆழத்துக்கு டிராப் போடாவிட்டால், தண்ணீர் வெளியே போகாது. வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே ஏறி, பேனில் நிற்கும் தண்ணீரைத் தெறிக்க விடும். குழாயிலும் வால்விலும் இன்சுலேஷனுக்கு மேல் ஆவித்தடை ஒரு சின்ன இடைவெளி கூட இல்லாமல் இருக்கணும். 7 டிகிரிக் குழாய் சென்னைக் காற்றில் ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலும் வியர்த்துக் கொட்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் கறுக்கும்.

நான் கேட்பது என்ன?

பெரிசா ஒண்ணும் இல்லை.

ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபில் ஏற்கெனவே இணையோட்ட, எதிரோட்டக் குழாய்ச் சோதனை செய்கிறோம். வால்வைத் திருப்பி ரீடிங் எடுத்து ரெக்கார்டில் எழுதுகிறோம். அதன் பக்கத்தில் பழைய காயில் ஒன்றைக் கொண்டு வந்து வையுங்கள். கழிவுக்குப் போகும் காயில் போதும். வைவாவில் ஒரே கேள்வி: "காற்று இந்தப் பக்கம் இருந்து வருது. தண்ணி எங்கே உள்ளே போகணும்?" அப்புறம் காயிலைத் திருப்பி வெச்சு, அதே கேள்வியை மறுபடி கேளுங்க.

டிராயிங் போடப் போகும் நண்பர்களே, உங்க டீட்டெயிலில் காற்றோட்டத்துக்கு ஒரு அம்புக்குறி போடுங்க. "கீழே சப்ளை" என்று மட்டும் எழுதாமல் "காற்று வெளியேறும் பக்கத்து ஹெடரில் சப்ளை" என்றும் எழுதுங்க. ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒரு மனுஷனின் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

நம்ம எல்லாருக்கும் ஒரு வேலை. சென்ட்ரல் ஏசி இருக்கும் கட்டடம் நம்ம கேம்பஸிலோ பக்கத்திலோ இருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு ஏ.ஹெச்.யு. அறைக்குள் போங்க. நாலு எண்ணைக் குறிச்சுக்கங்க: காற்று நுழையும் வெப்பநிலை, வெளியேறும் வெப்பநிலை, தண்ணீர் நுழைவது, வெளியேறுவது. எந்த ஹெடர் அதிகம் ஜில்லுன்னு இருக்கு, அது காற்று வெளியேறும் பக்கம்தானா என்று பாருங்க. கண்ட்ரோல் வால்வு எவ்வளவு திறந்திருக்குன்னு ஆப்பரேட்டரைக் கேளுங்க. அவர் உங்களிடம் ஏதாவது திருப்பிக் கேட்டால், உடனே பதில் சொல்லாதீங்க. பேப்பரைக் கீழே வெச்சுட்டு, காற்று வர்ற பக்கம் நின்னு, காயிலைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

தெரியலைன்னா, "தெரியலைண்ணே, சேர்ந்து பார்ப்போம்"னு சொல்லுங்க. அன்னைக்கு எனக்கு அதைச் சொல்லத் தோணலை.